தலையெழுத்தும் ஏட்டெழுத்தும்

சிங்கப்பூரில் இறந்தோரை அடக்கம் செய்தற்கு இன்று திறந்துள்ள இடுகாடு சுவா சூ காங் ஒன்றே. அங்கும் 1998ஆம் ஆண்டு முதல் ஒரு குழிக்கு 15 ஆண்டே தவணை. அதன்பின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பெற்று, அவரவர் சமய முறைப்படி எரிக்கப்படும், அன்றேல் மீண்டும் புதைக்கப்படும். 2001 முதல் 2006 வரை பிடாதாரி இடுகாடு அகழப்பெற்றபோது, அங்கிருந்த முஸ்லிம்களின் எச்சங்களும் சுவா சூ காங்கிற்கே கொணரப்பட்டன. இந்துக்களிற் பெரும்பாலோர் எரியூட்டும் வழக்கினர். ஆதலின் பாட்டன் யார், பூட்டன் யார் எனத் தேடும் தமிழர்க்கு இந்நகரிற் கல் சான்றாவது அரிது. பழைய பதிவேடுகளும் நாளிதழ்களுமே சான்று.

அச்சான்று எப்பொழுதும் இனிப்பதன்று. 1825ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களிற் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் இங்கு வந்திறங்கினர். முதற் கூட்டத்தார் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட எண்பதின்மர். 1873 வரை நிலைத்த அக்கைதிகள் அமைப்பின் உழைப்பால் எழுந்தவை பல சாலைகளும் பாலங்களும் மட்டுமல்ல. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும் அவர்கள் கைவண்ணமே. விடுப்புச் சீட்டுப் பெற்றோர் சிலர் இங்கேயே தங்கி மணம் புரிந்து குடும்பம் கண்டனர். அவர்தம் வழியினர் எங்கே? நம்மவர் எழுதும் குடும்ப வரலாறுகளைப் புரட்டினால், முதல் மூதாதை வணிகராகவோ எழுத்தராகவோ கங்காணியாகவோதான் கப்பலேறுகிறார். விலங்கோடு ஏறியவரைக் காண்பது அரிதினும் அரிது.

மறைத்தலை ஒரு குற்றமாகக் கூறுதல் முறையன்று. பேத்தியின் திருமணப் பேச்சுக்கு முன் பூட்டனின் சிறைவாசத்தை யாரும் எடுத்துரைப்பதில்லை. ஆனால் மறைத்த இடத்தை வெற்றிடமாக விடுவது வேறு. அங்கே இல்லாத கப்பலையும் கடையையும் கற்பித்து நிரப்புவது வேறு. பின்னது வரலாறு ஆகாது.

தலையெழுத்து என்பது நம்மவர்க்கு ஊழைக் குறிக்கும் உவமைச்சொல். அக்கைதிகளிற் பலர்க்கோ அது உவமையன்று. வங்காளம், சென்னை ஆகிய மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியிற் பெயரும் குற்றமும் தீர்ப்பு நாளும் பச்சை குத்தப்பட்டன. 1849இல்தான் அக்கொடுமை சட்டத்தால் நீக்கப்பெற்றது. நெற்றியில் எழுதப்பட்டதை மறைக்கத் தலைப்பாகையைத் தாழ்த்திக் கட்டியவரின் பேரர், தாளில் எழுதப்பட்டதையும் மறைக்க விரும்பினால் வியப்பென்ன?

இனி, துணிந்து தேடுவோர் இடறுமிடம் எது எனின், பெயர். முத்துசாமி என்னும் பெயர் ஆங்கில எழுத்தர் கையில் மூட்டுசாமி, முத்தூ, முட்டு எனப் பலவாறு திரியும். தந்தை பெயர் ஓரிடத்தில் நிற்கும், ஓரிடத்தில் உதிரும். ஊர்ப்பெயர் இல்லையேல், சென்னை மாகாணத்தான் என்ற குறிப்பொன்றால் தமிழரா தெலுங்கரா என்பதும் விளங்காது. அக்கால ஆங்கில இதழ்களோ அனைவரையும் "கிளிங்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். இந்நிலையிற் பெயரொற்றுமை ஒன்றையே பற்றி, "இவரே எம் பூட்டனார்" எனத் துணிவோர், பிறர் பாட்டனைத் தம் வீட்டிற்கு அழைத்து வருகின்றனர். சிலபோது பிறர் குற்றத்தையும் தம் பாட்டன்மேற் சுமத்துகின்றனர்.

இதற்கு மருந்து தமிழாசிரியர் அறிந்ததே. 1887இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஒரு சுவடியை மட்டும் நம்பினாரல்லர்; பல சுவடிகளை ஒப்புநோக்கினார். அதே ஆண்டிற்றான் சிங்கப்பூரிற் "சிங்கை நேசன்" வார இதழ் தொடங்கிற்று. வீட்டிற் சொல்லும் கதை ஒரு சுவடி, சிறைப் பதிவேடு மற்றொன்று, நாளிதழ் பிறிதொன்று. வயது, ஊர், தந்தை பெயர், தொழில் ஆகியவற்றுள் இரண்டு மூன்றேனும் ஒத்தாலன்றிப் பாடம் துணியலாகாது.

சுவடிக்கும் சார்பு உண்டு. கைதிகளின் மேலாளராக இருந்த மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூல், கைதிகளையே கைதிகளுக்குக் காவலராக்கிய முறையைப் பாராட்டுவது, ஆள்பவர் எழுதியது. நாளிதழின் வழக்குமன்றப் பகுதி, ஏழைத் தமிழனைக் குற்றஞ் சாட்டப்பட்டவனாகவோ பிணமாகவோ மட்டுமே காட்டும். அவன் கூலி பெற்று உண்டு உறங்கிய நாட்கள் அங்கே செய்தியாவதில்லை. ஒரு நாட் செய்தியை ஒருவன் வாழ்நாளாகக் கொள்ளுதல் பிழை.

"கைதி" என்ற சொல்லும் ஆராய்தற்குரியது. 1802இல் பினாங்கிற்கு நாடு கடத்தப்பட்டவருள் சின்ன மருதுவின் இளம் புதல்வர் துரைசாமியும் இருந்தார். மருதுவிடம் வளரி வீசக் கற்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், 1818இற் பினாங்கிலே அவரைக் கண்டபோது அடையாளம் தெரியாத அளவு உருமாறியிருந்ததைத் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். பகைவர் படையினர் எழுதியதாலேயே அம்மகனின் பிற்கால வாழ்வில் ஒரு கீற்றேனும் நமக்குக் கிடைத்தது. ஆயினும் நாடு கடத்தப்பட்டோர் எல்லாரையும் மருதுவின் தோழராக்குதல், எல்லாரையும் கொள்ளையராக்குதலைப் போன்ற தவறே.

மேலும் ஒன்று. தேடுவோர் அனைவரும் பூட்டனையே தேடுகின்றனர். விடுப்புச் சீட்டு பெற்றவனை, அவன் நெற்றியைக் கண்டும், மணந்தவள் ஒருத்தி இருந்தாள். தாய் வழியில் அக்குடும்பம் அவளுடையதும் ஆகும். கைதியல்லாதவள் ஆதலின் சிறைப் பதிவேட்டில் அவள் பெயர் வர வழியில்லை. வழக்கில் அகப்படாதவள் ஆதலின் நாளிதழிலும் இல்லை. வீட்டிற் கிழவிகள் சொல்லும் கதையில் மட்டுமே அவள் இருக்கிறாள். அக்கதையை எழுதிக் கொள்வாரைக் காணோம்.