ஆறாம் கோட்பாட்டின் பின்பாதி

பொரளையில் கத்தோலிக்கரின் சகல புனிதர் ஆலயமும் இருக்கிறது, அங்கிலிக்கரின் புனித லூக்கா ஆலயமும் இருக்கிறது. தோபித்து நூலை வாசிக்க இரு மரபிலும் தடையில்லை. முன்னதில் அது வேதம். பின்னதில் நல்வாழ்வுக்குப் புத்தி சொல்லும் நூல். அதைக் கொண்டு ஒரு கொள்கையை நிலைநாட்ட மட்டும் இயலாது. தள்ளவுமில்லை, தலையில் தூக்கி வைக்கவுமில்லை. ஜெரோமைச் சாட்சிக்கு அழைத்து இந்த இடத்தை அளந்து கொடுத்தது, 1571இல் இறுதி வடிவம் பெற்ற அங்கிலிக்கரின் 39 கோட்பாடுகளில் ஆறாவது. (ஜோன் வெஸ்லி 1784இல் அமெரிக்க மெதடிஸ்தருக்காக இவற்றைச் சுருக்கியபோது இந்தப் பகுதியை வெட்டிவிட்டார். நீளம் குறைந்தது, நயமும் குறைந்தது.)

வேதாகமம் எதற்கு? இரட்சிப்புக்குத் தேவையானதெல்லாம் அதில் உண்டு என்கிறது ஆறாம் கோட்பாடு. அவ்வளவுதான். பூமியின் வயதென்ன, விண்மீன்கள் எப்படி ஓடுகின்றன என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நான் நின்று ரசிப்பது அதன் முதல் வாக்கியத்தின் பின்பாதியை. வேதத்தில் வாசிக்கப்படாததை, அதனால் நிறுவ முடியாததை, விசுவாசத்தின் பகுதியாக நம்பியே தீரவேண்டுமென்று எவரிடமும் கேட்கக்கூடாது. பாட்டி சொன்ன பக்திக் கதையை நீங்கள் தாராளமாக நம்பலாம். ஆயர் அதை அடுத்தவர்மேல் சுமத்த முடியாது. வேதத்தைப் புகழத் தொடங்கிய வாக்கியம், சபையின் கையைக் கட்டிவிட்டு முடிகிறது! எழுதியதும் சபைதான்.

எட்டாம் கோட்பாட்டில் விசுவாசப் பிரமாணங்களுக்கே இந்தச் சோதனை. நிசேயா உட்பட மூன்றையும் ஏற்கிறோம். பழமைக்காக அல்ல, வேதத்தால் நிறுவலாம் என்பதற்காக. இருபத்தோராவது இன்னும் துணிச்சல்: பொதுச் சங்கங்களும் தவறக்கூடும், தவறியும் இருக்கின்றன.

இதே கட்டு, 1662 ஜெபப்புத்தகத்தின் குருப்பட்ட ஆராதனையில் ஒரு தனி மனிதரின் வாக்குறுதியாகத் திரும்பி வருகிறது. வேதத்தால் நிறுவலாமென்று தம் மனம் தெளிந்ததை மட்டுமே இரட்சிப்புக்கு அவசியமெனக் கற்பிக்கத் தீர்மானித்திருக்கிறாரா என்று ஆயர் கேட்கிறார். சபை தெளிந்தால் போதாது, கற்பிப்பவரும் தெளிய வேண்டும். அதன் பிறகே கைவைத்தல், பின்பு கையில் வேதாகமம். 1550 முறைமையில் மறு கையில் கிண்ணமும் அப்பமும் கொடுத்தார்கள்; 1552இல் எடுத்துவிட்டார்கள். அது இருந்திருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. வாசித்ததைப் பந்தியிலும் பரிமாறுகிறவர்தானே குருவானவர்.