குரல் உடைந்த இடம்

மாடிப்படி உள்ள பழைய வீடு ஒன்றின் கீழ்க்கூடத்தில் நின்று கைதட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் முதலில் காதுக்கு வரும். அடுத்த கணம் அதே சத்தம் படியேறிப் போய், மேலே கூரையில் பட்டு, கொஞ்சம் கனத்துத் திரும்பி வரும். லெட் ஸெப்பெலின் குழுவின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டு அந்தத் திரும்பி வரும் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. முதல் சில விநாடிகளுக்குக் கிதாரும் இல்லை, குரலும் இல்லை. ஜான் பான்ஹாமின் டிரம்ஸ் மட்டும். திம்திம் என்று இரட்டையாக விழும் காலடி, அதன் மேல் ஸ்னேரின் ஓர் அறை, பிறகு மறுபடி காலடி. அவசரமே இல்லை. யானை நடந்து வருகிற மாதிரி ஒவ்வோர் அடியும் தரையை உணர்ந்து இறங்குகிறது.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்றொரு வீடு. 1795-இல் ஏழைகளையும் அநாதைகளையும் தங்கவைக்கக் கட்டியது. 1970-71 குளிர்காலத்தில் அங்கே போய்த் தங்கிய குழு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவு வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு பதிவு செய்தது. பான்ஹாமின் டிரம்ஸை முன்கூடத்தில் போட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே மைக்குகளை மாடிப்படி மேலிருந்து தொங்கவிட்டார். காலால் அடிக்கிற பெரிய டிரம்முக்கென்று தனி மைக் கிடையாது. டிரம்ஸ் பதிவில் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு மைக்கைச் சொருகுவது வழக்கமாகிக்கொண்டிருந்த காலத்தில் இவர் பத்தடிக்கு மேல் விலகிப்போய் நின்றார். அதனால் நாடாவில் விழுந்தது டிரம்ஸோடு அந்த வீடும்தான். கூடத்தின் உயரமும் கல்லும் மரமும் படிக்கட்டின் வெற்றிடமும் சேர்ந்து ஒலிக்கின்றன. அதன் மேல் பின்ஸன் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவியால் ஒரு நிழலடி சேர்த்தார்கள். பிறகு நாடாவைச் சற்று மெதுவாக ஓட்டினார்கள். மவுத்தார்கனும் கிதாரும்கூடச் சேற்றில் கால் புதைந்தவை போல் நகர்வது அதனால்தான்.

இரவு தெரு அடங்கிய பிறகு ஹெட்போனில் இதைக் கேட்டால் ஒவ்வோர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே காற்று இருப்பது தெரிகிறது. நல்ல மிருதங்க வித்வான் ஓர் அடிக்குப் பின் விடுகிற இடைவெளியை ரசித்துப் பழகிய காதுக்கு இது அந்நியமே இல்லை. பின்னாளில் எத்தனையோ பேர் இந்தத் தொடக்கத்தை அப்படியே வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டில் ஒட்டிக்கொண்டார்கள். 1986-இல் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழு, பிறகு ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க். அவர்களுக்கும் டிரம்ஸ் அடிக்க ஆள் கிடைக்காமல் இல்லை. அந்தக் கூடம்தான் கிடைக்கவில்லை.

இத்தகைய பாட்டுகளை ‘கிளாஸிக் ராக்’ என்கிறார்கள். அது பாடியவர்கள் வைத்துக்கொண்ட பெயர் கிடையாது. அறுபது, எழுபதுகளின் ராக் பாட்டுகளைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பிய அமெரிக்க எஃப்.எம். நிலையங்கள் 1980களில் ஒட்டிய சீட்டு அது. சீட்டு ஒட்டியதும் பீடமும் வந்துவிட்டது. இதற்கு முன்னும் இசை இல்லை, பின்னும் இல்லை என்று பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. எரிக் கிளாப்டனைக் கடவுள் என்று லண்டன் சுவரில் யாரோ எழுதிவைத்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒத்துவருவதில்லை. அந்தக் காலத்து ராக்கில் சலிப்பூட்டுவதும் நிறையவே இருக்கிறது. மேடையில் அரைமணி நேரம் ஓடுகிற டிரம்ஸ் தனி, விரல் வேகத்தைக் காட்டுவதற்கென்றே நீளும் கிதார், பெண்களைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லும் பாட்டுகள். இவற்றை விட்டுவிடலாம், நஷ்டமில்லை. விட்ட பிறகும் மிஞ்சுவது புகழுக்குத் தகுதியானதுதான். என் மனத்தாங்கல் வேறு. புகழ் சரியாகவே கிளம்பியது, ஆனால் போய்ச் சேர வேண்டிய வீடுகள் பலவற்றுக்கு அது போய்ச் சேரவில்லை.

அந்த லெவி பாட்டையே எடுத்துக்கொள்வோம். லெவி என்றால் ஆற்றின் கரையணை. 1927-இல் மிஸிஸிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர் ஊராகப் புகுந்தது. லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். கரையைக் காக்க மண்மூட்டை சுமக்கும் வேலையைக் கறுப்பினத்தவர் தலையில் துப்பாக்கி முனையில் கட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1929-இல், கான்ஸஸ் ஜோ மெக்காய், மெம்ஃபிஸ் மின்னி என்ற தம்பதி இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். பாடியது ஜோ. ஆனால் காதை இழுப்பது மின்னியின் கிதார். இரண்டு கிதார்கள், ஒரு குரல், அவ்வளவுதான். மின்னியின் விரல்கள் துள்ளிக்கொண்டு ஓடுகின்றன. வெள்ளத்தைப் பற்றிய பாட்டு இவ்வளவு இலகுவாக ஓடுகிறதே என்று முதலில் திகைப்பாக இருக்கும். இரண்டாம் முறை கேட்கும்போது புரியும், அது மூட்டைமுடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டவர்களின் நடை. லெட் ஸெப்பெலின் செய்தது வேறு. அவர்கள் ஓடுகிறவர்களை விட்டுவிட்டு ஆற்றையே வாசித்தார்கள். இரண்டும் பெரிய காரியம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

லெட் ஸெப்பெலினின் லெவி பாட்டு இடம்பெற்ற ஆல்பம் 1971 நவம்பரில் வெளிவந்தது. இயற்றியவர்கள் வரிசையில் குழுவினர் நால்வரோடு மெம்ஃபிஸ் மின்னியின் பெயரும் இருந்தது. அந்த அளவுக்கு நல்லது. இதே குழு, வில்லி டிக்ஸன் என்ற ப்ளூஸ் மேதையின் பாட்டிலிருந்து எடுத்ததை ஒப்புக்கொள்ள 1985-இல் அவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. மின்னி 1973-இல், பக்கவாதத்தில் வருடக்கணக்காகக் கிடந்து, வறுமையில் இறந்தார். மிஸிஸிப்பியில் அவர் கல்லறைக்கு 1996 வரை கல் இல்லை. கடைசியில் அதற்குப் பணம் கொடுத்தவர் பாடகி பானி ரெய்ட்.

இப்போது ரோலிங் ஸ்டோன்ஸின் ‘கிம்மி ஷெல்டர்’. 1969 டிசம்பரில் வந்த ‘லெட் இட் பிளீட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு. லண்டனில் புயல்மழை அடித்த ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் இதைத் தொடங்கினாராம். தொடக்கத்துக் கிதாரில் அந்த மழைநாள் இருக்கிறது. சுரம் நேராக நிற்பதில்லை, ஈரத் துணி காற்றில் ஆடுவது போல் நடுங்குகிறது. அதன் அடியில் கரகரவென்று ஓர் உரசல் கேட்கும். சுரைக்குடுக்கையில் கோடு கீறிக் குச்சியால் தேய்க்கிற குயிரோ என்ற வாத்தியம் அது. வாசித்தவர் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். இந்த உரசலை எடுத்துவிட்டால் அந்தக் கிதார் அழகாக மட்டும் இருக்கும். உரசல் இருப்பதால் பயமும் சேர்கிறது. இருட்டில் எதையோ யாரோ தீட்டிக்கொண்டிருக்கிற உணர்வு.

இந்தப் பாட்டில் ஒரு பெண் குரல் வேண்டும் என்று தோன்றியது லாஸ் ஏஞ்சலஸில், ஏறக்குறைய நடுநிசியில். மெரி கிளேட்டனுக்குப் போன் போயிற்று. வயது 20. தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர், ரே சார்ல்ஸுக்குப் பின்பாட்டுப் பாடியவர். அப்போது கர்ப்பமாக இருந்தார். படுக்கப் போயிருந்தவர் தலையில் ரோலர் சுற்றியபடி, இரவு உடையின் மேல் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். குழுவின் பாடகர் மிக் ஜாகருடன் சேர்ந்து பல்லவியைப் பாடினார். இன்னொரு முறை பாடச் சொன்னபோது, முழுமூச்சாக மேல் ஸ்தாயிக்கே போய்விடுவது என்று முடிவெடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் தனியாகப் பாடும் இடம் வருகிறது. ஒரே வரி, மூன்று முறை. மூன்றாவது நிமிடத்தை நெருங்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதல் முறை குரல் முழுசாக, வெண்கலம் போல் வருகிறது. இரண்டாம் முறை உச்சியில் ஓரிடத்தில் லேசாகக் கீறல் விழுகிறது. மூன்றாம் முறை, கொலையைச் சொல்லும் அந்தச் சொல்லில், குரல் பட்டென்று உடைகிறது. பின்வாங்கினால் காப்பாற்றிவிடலாம், எந்தப் பாடகருக்கும் தெரிந்த வித்தை அது. அவர் பின்வாங்கவில்லை. உடைந்த குரலோடு அந்தச் சுரத்தின் மேலேயே நின்றார். அந்தக் கணத்தில் பின்னால் ஓர் ஆண் குரல் ‘ஊ’ என்று தன்னை மறந்து கூவுவதைக் கேட்கலாம். ஜாகர்தான். சபையில் முன்வரிசையில் இருப்பவர் வாயிலிருந்து தானாக வருகிற ‘ஆஹா’ அது. நாடாவிலிருந்து அதை யாரும் துடைக்கவில்லை, அந்த நல்ல புத்திக்கு ஒரு கும்பிடு. பாட்டைப் பாடுகிறவரே அதற்கு ரசிகராகிவிட்ட இடம் ஒலிப்பதிவுகளில் எத்தனை கிடைக்கும்?

இனிச் சொல்ல வேண்டியது மனதை அழுத்துவது. அதன்பின் மெரியின் கரு தங்கவில்லை. அது தன் வாழ்க்கையின் இருண்ட காலம் என்றார். ஆல்பம் அச்சாகி வந்தபோது உறையில் அவர் பெயர் ‘மேரி’ என்று தப்பாக இருந்தது. இவரைப் போன்ற பின்பாட்டுக் கலைஞர்களைப் பற்றி 2013-இல் ஓர் ஆவணப்படம் வந்து ஆஸ்கர் வாங்கிய பிறகுதான், அந்த நான்கைந்து விநாடிகளுக்கு உரியவர் முகம் பலருக்குத் தெரிந்தது.

பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இன்னொரு விதமான கணக்கு. 1973 மார்ச்சில் வந்து, 1988-க்குள் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இருந்த ஆல்பம். அதில் ‘மணி’ என்ற பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிஸ்ர சாபுவில் ஊறியவர்களுக்குத் தொடையில் தாளம் தானாக வந்துவிடும். நான் நின்று கேட்பது அதற்கு முந்தைய பாட்டை. ரிச்சர்ட் ரைட்டின் பியானோவின் மேல் சொல்லே இல்லாமல் ஒரு பெண் பாடுகிறார். கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அழைத்தார்கள். சொற்கள் வேண்டாம் என்பதைத் தாண்டிப் பெரிதாக யாரும் எதுவும் விளக்கவில்லை. தன்னை ஒரு வாத்தியமாக வைத்துக்கொண்டு பாடினார். முதல் பாதியில் கதறல். மேலே போகப்போக மூச்சின் ஓரங்கள் கிழிகின்றன. பிறகு பியானோ தணியும்போது குரலும் தணிந்து, அழுது முடித்தவர் தனக்குள் முனகுவது போல் ஆகிறது. அந்த இறக்கம்தான் நயம். உச்சிக்குப் போகப் பலருக்குத் தெரியும். அங்கிருந்து இப்படி நிதானமாகப் படிப்படியாக இறங்கிவரச் சிலருக்குத்தான் தெரியும்.

கூலி 30 பவுண்டு, ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டிப்பாகக் கொடுத்தது. பாடியவர் என்று உறையில் பெயர் இருந்தது, இயற்றியவர் என்ற இடத்தில் ரைட் மட்டும். ஆலாபனையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதிலுள்ள அநியாயம் உடனே உறைக்கும். ராகம் பொது, ஆனால் அன்று அந்த நேரத்தில் விரிந்த ஆலாபனை பாடினவருக்கே உரியது. 2004-இல் கிளேர் வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசம் ஆனது. இப்போது இயற்றியவர்களாக இருவர் பெயரும் இருக்கின்றன.

பீட்டில்ஸின் ‘எ டே இன் தி லைஃப்’ பற்றி எழுதாதவர்கள் இல்லை. 1967 பிப்ரவரியில் 40 வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, 24 ஆவர்த்தனத்துக்குள் அவரவர் கீழ்ச் சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு ஏறச் சொன்னதும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எச்சரித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவரோடு இணைந்து வாசிக்கப் பழகியவர்களிடம் அப்படிச் சொன்னார்! நான் கேட்கச் சொல்வது அந்த ஏற்றம் முடிந்த பிறகு வருவதை.

ஏற்றம் உச்சியில் சட்டென்று அறுகிறது. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றுமில்லை. பிறகு பல பியானோக்கள் ஒன்றாக ஒரே கார்டை அடிக்கின்றன. லெனான், மக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார், அவர்களோடு குழுவின் உதவியாளர் மால் எவன்ஸ். மால் பியானோக்காரர் இல்லை. சாமான் ஏற்றி இறக்கி, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து, எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர். கை வேண்டியிருந்தது, கை கொடுத்தார். எல்லோரும் ஒரே கணத்தில் விழ வேண்டும் என்று ஒன்பது முறை அடித்துப் பார்த்தார்கள்.

அந்தக் கார்வை நாற்பது விநாடிக்கு மேல் நீள்கிறது. பியானோ கம்பி அவ்வளவு நேரம் உரக்க ஒலிக்காது. ஒலி தேயத்தேய ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் அளவை ஏற்றிக்கொண்டே போனார். அதனால் முதலில் இரும்பு போல் விழுந்தது, பிறகு ரீங்காரமாகி, பிறகு வெறும் சாயையாக நிற்கிறது. கார்டு தேயும் அதே வேகத்தில் அந்த அறை மேலே வருகிறது. சுவர்கள் வருகின்றன, காற்றின் இரைச்சல் வருகிறது, அசையாமல் உட்கார்ந்திருக்க முயலும் நான்கைந்து பேரின் மௌனமும் வந்துவிடுகிறது. முடியப்போகிற சமயத்தில், ஒலி இருக்கிறதா போய்விட்டதா என்று காது தடுமாறும்போது, கிறீச்சென்று மெல்லிய ஒரு சத்தம். நாற்காலியோ ஷூவோ. யாரோ ஒருவர், இவ்வளவு நேரம் மூச்சடக்கி இருந்தவர், லேசாக அசைந்து உட்காருகிறார்.