மரம் பேசியது, ஆலிம் பேசவில்லை

ஓரான் பாமுக் துருக்கி மொழியில் எழுதி 1998இல் வெளிவந்த நாவல், ஜி. குப்புசாமியின் தமிழாக்கத்தில் 'என் பெயர் சிவப்பு' என நமக்குக் கிடைத்துள்ளது. மண்டபத்தூருக்கும் காரைக்காலுக்கும் பேருந்தில் போய்வந்த நாள்களில் இதனை இருமுறை வாசித்தோம். நிறைவும் நெருடலும் ஒருங்கே தந்த நூல் இது.

கதை நிகழ்வது 1591இல், மூன்றாம் முராதின் ஆட்சியில், இஸ்தான்புல்லில். சுல்தானுக்காக இரகசியமாக ஒரு நூல் உருவாகிறது. அதில் பணியாற்றிய ஓவியர் ஒருவர் கொல்லப்படுகிறார். மனிதர்களோடு நாய், மரம், நாணயம், குதிரை, செந்நிறம் ஆகியனவும் முன்வந்து பேசுகின்றன.

அஃறிணை பேசுவது நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில் எறும்பும் ஹுத்ஹுத் பறவையும் பேசுகின்றன. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மான் பேசுகிறது. மிம்பர் அமைந்த பின்னர், நபிகள் நாயகம் (ஸல்) அதுவரை சாய்ந்து நின்று உரையாற்றிய பேரீச்சந்தண்டு பிரிவாற்றாது அழுததையும், நபியவர்கள் இறங்கிவந்து அதனைத் தேற்றியதையும் புகாரியில் காண்கிறோம்.

பாமுக்கின் மரமும் பிரிவையே பேசுகிறது. ஏதோ ஒரு கதைக்கென வரையப்பட்டு, தன் ஏட்டை இழந்து தனித்து நிற்கிறது. அவ்விடத்தில் அந்தத் தண்டின் நினைவு வந்து, மேலே வாசிக்க இயலாது நூலை மூடிவைத்தோம்.

நெருடலுக்கு வருவோம். காப்பிக் கடையில் படங்களைத் தொங்கவிட்டு அவற்றின் குரலில் பேசும் கதைசொல்லியை, எர்சுரூம் நகரத்து உரையாளர் ஒருவரைப் பின்பற்றுவோர் கொன்றுவிடுகின்றனர். நாய்க்கு ஓர் அத்தியாயம் உண்டு, கள்ள நாணயத்துக்கு உண்டு, ஷைத்தானுக்கும் உண்டு. அந்த ஆலிமுக்கு மட்டும் இல்லை. பிறரது ஏளனத்தின் வழியாகவே அவரை அறிகிறோம். வரலாற்றில் அத்தகைய இயக்கம் வலுத்தது பதினேழாம் நூற்றாண்டில். நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடச் செய்தது 1633இல். காலத்தை முன்னிழுப்பது நாவலாசிரியரின் உரிமை. ஒரு தரப்பின் வாயை அடைப்பது நீதியாகுமா?

ஆயினும் குறை முழுவதையும் அவர்மீது சுமத்த மனம் ஒப்பவில்லை. ஒரு மரத்தின் அழுகைக்காக நபியவர்கள் மிம்பரிலிருந்து இறங்கினார்கள். அதே மிம்பரில் ஏறும் நாம், ஒரு கதையைக் கேட்பதற்கேனும் இறங்கியதுண்டா?

ஸனது வகுப்பு மாணவர்கள் இந்நூலை வாசிக்கட்டும். எழுதப்படாத அந்த ஆலிமின் அத்தியாயத்தை அவர்களே எழுதியும் பார்க்கட்டும்.