ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் பட்டமும் தமிழ்ப் பாடமும்: ஒரு திறனாய்வு

இந்தியாவில் ஆசிரியர் கல்வி பற்றிய உரையாடல் நெடுங்காலமாக ஆண்டுக் கணக்கைச் சுற்றியே நிகழ்ந்து வருகிறது. ஓராண்டுப் பி.எட். படிப்பைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் ஈராண்டாக்கின. பள்ளிக் கல்வி முடித்தவுடன் சேரும் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டம் 2030ஆம் ஆண்டுக்குள் ஆசிரியர் பணிக்குரிய குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்றது தேசியக் கல்விக் கொள்கை 2020. அத்திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டு, 2023-24 கல்வியாண்டில் முன்னோட்டமாகத் தொடங்கியது. இளங்கலை மூன்றும் பி.எட். இரண்டுமாக ஐந்தாண்டு ஆகும் இடத்தில் மாணவருக்கு ஓராண்டு மிச்சமாகிறது என்பது இதன் சிறப்பாக எடுத்துரைக்கப்படுகிறது. எளிய குடும்பத்து மாணவருக்கு அந்த ஓராண்டு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘ஒருங்கிணைந்த’ என்னும் அடைமொழி எதனோடு எதனை இணைக்கிறது என்பது தமிழ்ப் பாடத்தை முன்வைத்துக் கேட்கத்தக்க வினாவாகும்.

நான்காண்டுப் பட்டம் புதியதன்று. 1963இல் தொடங்கப்பெற்ற மைசூர் முதலிய மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் இத்தகைய பட்டத்தை அறுபதுகளிலேயே நடத்தின. ஆசிரியர் கல்வி பல்கலைக்கழக அறிவு வாழ்விலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் தனித்துக் கிடக்கிறது என்று கோத்தாரி கல்விக்குழு (1964-66) சுட்டிய குறையும் அக்காலத்ததே. அறுபதாண்டுகளுக்குப் பின் வரும் ஒரு திட்டம் அக்குறையை எவ்வளவு தீர்க்கிறது என்பதை அதன் மதிப்பலகுப் பங்கீட்டிலிருந்தே ஓரளவு அறியலாம்.

இடைநிலைக்குரிய நான்காண்டுப் பட்டத்தின் மொத்த மதிப்பலகுகள் 160. இவற்றுள் பாடத்துறைக்கு 64, கல்வியின் அடிப்படைகளுக்கு 30, திறன் மற்றும் விழுமியப் படிப்புகளுக்கு 28, பள்ளி அனுபவத்துக்கு 20, சமூகப் பணிக்கு 2. பாடப்பொருளும் கற்பிக்கும் முறையும் ஒன்றுகூடும் பகுதிக்குக் கிடைப்பவை 16, அதாவது பத்தில் ஒரு பங்கு. லீ ஷுல்மன் 1986இல் வரையறுத்த பாடஞ்சார் கற்பித்தல் அறிவு, பாட அறிவையும் பொதுவான கற்பித்தல் அறிவையும் கூட்டிப் பெறும் தொகையன்று; அது தனிவகை அறிவு. இப்பங்கீட்டில் முன்னிரண்டும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. மூன்றாவது விளையுமா என்பது பெரிதும் நல்வாய்ப்பைப் பொறுத்ததாகவே விடப்பட்டுள்ளது.

இவ்விடைவெளியைக் குற்றியலுகரம் கொண்டு விளக்கலாம். கு, சு, டு, து, பு, று என முடிவன குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்த மாணவர் ‘பசு’ என்பதையும் அவ்வாறே குறிப்பார். தனிக்குறிலை அடுத்து வருவது முற்றியலுகரம் என்ற விதியைச் சொல்லித் திருத்துவது வழக்கம். அம்மாணவரையே ‘காசு’, ‘பசு’ என அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தால், ஒன்றில் இதழ் குவியாமையும் மற்றொன்றில் குவிதலும் அவருக்கே புலப்படும். ‘இல்லை’ என்பதைச் சேர்க்கச் சொன்னால் எவரும் கற்பிக்காமலேயே ‘காசில்லை’, ‘பசுவில்லை’ என்பார். இலக்கணம் வகுத்த வேறுபாடு மாணவரின் நாவில் ஏற்கெனவே உள்ளது. ஆனால் அதே வகுப்பில் ஒருவர் எழுந்து, ‘கதவு’ குற்றியலுகரம் அல்லவே, பிறகு ஏன் ‘கதவில்லை’ என்கிறோம் என்று கேட்கக்கூடும். முற்றியலுகரமும் சிலவிடங்களில் அவ்வாறு கெடும் என நன்னூலார் உடன்பட்டிருப்பதை அறிந்த ஆசிரியரே அவ்வினாவை மதித்து விடைகூற இயலும்.

இந்தப் பாடவேளைக்கு வேண்டிய ஆயத்தம் பட்டப்படிப்பில் எங்கே நிகழ்கிறது? இலக்கணத் தாளில் நூற்பாவும் உரையும் உண்டு; எட்டாம் வகுப்பு மாணவரின் பிழை அங்கே இடம்பெறுவதில்லை. உளவியல் தாளில் பியாஜே உண்டு, உகரம் இல்லை. தமிழ் கற்பித்தல் தாள் விதிவருமுறை, விதிவிளக்கு முறை எனப் பகுத்து நிறைகுறைகளைப் பட்டியலிடும். எவ்விலக்கணக் கூறுக்கு எது பொருந்தும், எங்கே மாணவர் இடறுவர் என்பதைப் பெரும்பாலும் தொடாது. மூன்று தாள்களிலும் சிறந்த மதிப்பெண் பெற்றவர் மேற்கூறிய வகுப்பை நடத்த அறியாதவராகவே வெளிவரலாம்.

பட்டத்துக்குப் பின்வரும் ஆசிரியர் தகுதித் தேர்வோ இன்னும் வியப்புக்குரியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்க்குரிய இரண்டாம் தாளில் 150 வினாக்கள்: குழந்தை மேம்பாட்டுக்கு 30, தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30, எஞ்சிய 60 கணிதம்-அறிவியலுக்கு அல்லது சமூக அறிவியலுக்கு. தமிழாசிரியரும் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். ஆகத் தம் பாடத்தைவிட இருமடங்கு வினாக்களுக்கு அவர் பிற பாடத்தில் விடையளிக்கிறார். தமிழ்நாட்டில் பணிநியமனத்துக்குப் பாடவாரியான தனித் தேர்வு உண்டு என்பது ஓரளவு ஆறுதல். எனினும் பணிக்காலம் ஐந்தாண்டுக்கு மேல் எஞ்சியுள்ளோர் பணியில் தொடரவும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ஆம் நாள் தீர்ப்பளித்தபின், இருபதாண்டு தமிழ் கற்பித்தவரும் இந்த 60 வினாக்களின்முன் நிற்கிறார். இதனைத் தமிழ்த்துறைகள் இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும்.

நான்காண்டுத் திட்டத்தில் ஒரு நல்ல வாய்ப்பும் உள்ளது. பல்துறை நிறுவனங்களில் மட்டுமே அதனை நடத்தலாம் என்பதால் தமிழ்த்துறையும் கல்வியியல் துறையும் ஒரே வளாகத்தில் அமைய இடமுண்டு. தனித்தியங்கிய பி.எட். கல்லூரிகளில் இது வாய்க்கவில்லை. எனவே 16 மதிப்பலகுகளைக் கூட்டக் கோருவதைவிட, 64க்குள் அடங்கும் இலக்கண, இலக்கியத் தாள்களுள் சிலவற்றை இருதுறை ஆசிரியரும் கூடி நடத்துவதைப் பட்டத்தின் கட்டாயக் கூறாக்கக் கோருவதே பொருத்தம். பள்ளி மாணவரின் குறிப்பேடுகளில் காணும் பிழைகள் அத்தாள்களின் பாடப்பொருளாக வேண்டும்.

இதனால் பாட ஆழம் குன்றும் என்ற மறுப்பு எழும். இளங்கலைத் தமிழ் மாணவர் பயில்வதைவிட இங்குத் தமிழ்த் தாள்கள் குறைவு என்பதால் அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் ‘கதவு’ பற்றிய வினா தேர்வுத்தாள் கேட்பதைவிட மிகுந்த இலக்கணப் பயிற்சியைக் கோருகிறது. பள்ளி வகுப்பை ஆழமற்ற இடமாகக் கருதுவதிலிருந்தே அவ்வச்சம் பெரிதும் எழுகிறது. விதிமுறைத் திருத்தத்துக்குக் காத்திராமல் இப்போதே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பயிற்சி மாணவர் பள்ளியில் நடத்தும் இலக்கண வகுப்புகளுள் இரண்டையேனும் தமிழ்த்துறைப் பேராசிரியர் கடைசி இருக்கையில் அமர்ந்து கண்டு மதிப்பிடலாம். அங்கு மாணவர் கேட்ட வினாக்களைத் தம் நன்னூல் வகுப்புக்குக் கொண்டுவரலாம்.