ஷூரா யாரைக் கட்டுப்படுத்தும்? – பாரதியார் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுக்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஷூரா பற்றி எழுதிய பிற்கால அறிஞர்கள் அதனை இருவகையாகப் பகுத்துரைப்பர். ஒன்று ஷூரா முல்ஸிமா. கலந்தாலோசித்தபின் பெரும்பான்மையோர் முடிவுக்குத் தலைவர் கட்டுப்பட்டாக வேண்டும். மற்றொன்று ஷூரா முஃலிமா. ஆலோசனை தலைவருக்குத் தெளிவு தருவதோடு நின்றுவிடும், முடிவெடுப்பது அவர் உரிமை. இவ்விரண்டில் எது சரி என்னும் வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் ஒன்றில் இரு சாராரும் உடன்படுவர்: ஆலோசனை முடிவுக்கு முன்னர் நிகழ வேண்டும். முடிவெடுத்தபின் ஒப்பம் பெறுவதற்காகக் கூட்டப்படும் கூட்டத்துக்கு இவ்விரு பெயர்களுள் எதுவும் பொருந்தாது. நம் பல்கலைக்கழகங்களில் பாடத்திட்டமும் தேர்வுமுறையும் மாற்றியமைக்கப்படும் விதத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். கொங்கு மண்ணில் வாழும் நமக்கு அருகிலுள்ள சான்று பாரதியார் பல்கலைக்கழகம்.

கோவையில் இயங்கிவந்த சென்னைப் பல்கலைக்கழக முதுகலை மையம், 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1982 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மருதமலை அடிவாரத்தில் அமைந்த அது இன்று கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களின் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை இணைத்து நிற்கிறது. அதன் சட்டம் செனட் எனும் பேரவையையும் சிண்டிகேட் எனும் ஆட்சிக்குழுவையும் ஏற்படுத்தியது. கல்வி தொடர்பானவற்றைக் கவனிக்கக் கல்விசார் நிலைக்குழு ஒன்றும், துறைதோறும் பாடத்திட்டக் குழுக்களும் அமைந்தன.

இங்கே 'நிலைக்குழு' என்னும் சொல் நின்று நோக்கத்தக்கது. கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய 1917 இல் அமைக்கப்பட்ட சாட்லர் ஆணையம், கல்வி தொடர்பான முடிவுகள் ஆசிரியர்கள் மிகுதியாக அமர்ந்த கல்வி மன்றத்தின் கையில் இருக்க வேண்டுமென 1919 இல் பரிந்துரைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் 1923 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய மன்றத்தை ஏற்படுத்தியது. ஏறத்தாழ அறுபதாண்டுகள் கழித்துக் கோவைக்கு வந்தபோது மன்றம் நிலைக்குழுவாகச் சுருங்கிற்று. மன்றம் என்பது தனக்கெனக் குரலுடைய அவை. நிலைக்குழுவோ இன்னோர் அவைக்காகப் பணி முடித்துக் கொடுப்பது. சட்டம் இயற்றியோர் இதனைக் கருதியே செய்தனரா என்பது வேறு. ஆசிரியர் குரல் எந்த உயரத்தில் வைக்கப்பட்டது என்பதை இச்சொல்லே காட்டிவிடுகிறது. பாடத்திட்டக் குழு உறுப்பினர்களும் ஆசிரியர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்லர், நியமிக்கப்படுபவர்.

அவசர நிலை ஏற்பட்டதாகத் துணைவேந்தர் கருதினால் உரிய அவையைக் கூட்டாமலே செயற்பட்டுப் பின்னர் தெரிவிக்கலாம் என்னும் விதி நம் மாநிலப் பல்கலைக்கழகச் சட்டங்களில் பொதுவாகக் காணப்படுவது. விதியில் குற்றமில்லை. தீ பற்றினால் கூட்டம் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பாடத்திட்டம் தீப்பற்றிய வீடன்று. ஜூன் மாதம் கல்லூரி திறக்கும் என்பது முந்தைய ஜூனிலேயே எல்லோரும் அறிந்தது. அப்படியிருக்க, கல்வி மாற்றங்கள் மட்டும் ஏன் அவசரக் கோலத்திலேயே வந்து சேர்கின்றன?

2023 இல் நிகழ்ந்த பொதுப் பாடத்திட்ட விவகாரம் இதற்குத் தக்க சான்று. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் கலை, அறிவியல் பட்டப்படிப்புகளுக்கு மாதிரிப் பாடத்திட்டங்களை உருவாக்கி, 2023–24 கல்வியாண்டிலிருந்து பல்கலைக்கழகங்கள் அவற்றைக் கைக்கொள்ள வேண்டுமென்றது. ஆசிரியர் அமைப்புகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அது கட்டாயமன்று என்று உயர்கல்வி அமைச்சர் விளக்கினார். அதே ஆகஸ்டில், பல்கலைக்கழகங்கள் அதனைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை என வேந்தராகிய ஆளுநர் துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதினார்.

நியாயமாகப் பேசினால் அரசின் நோக்கத்தில் பொருளுண்டு. ஈரோட்டில் ஓராண்டு பயின்ற மாணவி திருமணமாகித் திருச்சிக்குச் சென்றால் அங்கே படிப்பைத் தொடர முடியவேண்டும். ஒரு பல்கலைக்கழகப் பட்டம் மற்றொன்றின் பட்டத்துக்கு நிகரா என்று ஆராய்ந்து சான்று வாங்கப் பட்டதாரிகள் அலையக்கூடாது. மாதிரிப் பாடத்திட்டங்களை வரைந்தவர்களும் பேராசிரியர்களே. ஆகவே ஆசிரியர்கள் கலந்துகொள்ளவில்லை என்று சொல்வதற்கில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. சட்டப்படி பாடத்திட்டத்தை ஆராயவேண்டிய குழுக்களுக்கு அது முடிந்த பொருளாக வந்து சேர்ந்தது. அறிஞர் சிலரைத் தலைநகருக்கு அழைத்து எழுதச் செய்வது ஒன்று. அதனை வகுப்பறையில் நடத்தப்போகிறவர் படித்துப் பார்த்து 'இப்பகுதி இப்பருவத்துக்குப் பொருந்தாது' என்று சொல்ல இடமளிப்பது மற்றொன்று. முன்னது நடந்தது என்பதைக் கொண்டு பின்னது நடந்துவிட்டதாகக் கணக்கெழுதிவிட்டனர்.

எதிர்த்து எழுதியவர்களிடமும் ஒரு குறை. ஆளுநரின் கடிதத்தைக் கண்டு மகிழ்ந்தவர் பலர், அதுவும் மேலிருந்து வந்த கடிதமே என்பதை எண்ணவில்லை. ஒரு கடிதம் 'செய்' என்றது, ஒரு கடிதம் 'செய்யவேண்டியதில்லை' என்றது. பாடத்திட்டக் குழு என்ன கருதுகிறது என்று கேட்ட கடிதத்தை எவர் எழுதினார்?

துணைவேந்தர் நியமன வழக்கும் இந்தப் பாங்கினதே. இப்பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர், உதவிப் பேராசிரியர் பணி நியமனத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் கையூட்டுப் பெற்றார் என்னும் குற்றச்சாட்டில் 2018 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டது நாடறிந்த செய்தி. அடுத்து வந்தவரின் பதவிக்காலம் 2022 அக்டோபரில் முடிந்தபின் அந்நாற்காலி ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. ஒருங்கிணைப்புக் குழுவே நிர்வாகத்தை நடத்திற்று. நியமன அதிகாரத்தை வேந்தரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்கள், 2025 ஏப்ரல் 8 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஒப்புதல் பெற்றனவாகக் கொள்ளப்பட்டன. அவற்றின் நியமனப் பிரிவுகளுக்கு மே 21 அன்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளும் முறைக்கு அரசமைப்பில் இடமில்லை என்று நவம்பர் 20 அன்று அரசியல் சாசன அமர்வு கருத்துரைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் பல்கலைக்கழக மானியக்குழு வெளியிட்ட வரைவு விதிகள், தொழில்துறையிலும் பொது நிர்வாகத்திலும் அனுபவமுடையோர் துணைவேந்தராக வழிதிறக்க முனைந்தன. தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

இவையனைத்தும் வேண்டாத வழக்குகள் என்று நான் சொல்லவில்லை. மாநில உரிமை பெரிய பொருள். ஆனால் இத்தனை வாதங்களுக்கிடையிலும் நாற்காலியில் யாரை அமர்த்துவது என்பதே பேசப்பட்டது; அமர்ந்தவர் யாரைக் கேட்டுச் செயற்பட வேண்டும் என்பது பேசப்படவில்லை. கையூட்டு வழக்கு உணர்த்தியதும் இதுவே. நியமனத்தில் துறை ஆசிரியர்களின் மதிப்பீடு எழுத்தில் பதிவாகி, அதனை மீறுவோர் காரணம் எழுதவேண்டிய கட்டாயம் இருக்குமானால், தனியொருவர் கையில் விலைபேசும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

மேலும் ஒன்றுண்டு. இணைவுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். அங்கே தொகுப்பூதியம் பெறும் ஆசிரியர், அடுத்த கல்வியாண்டில் தமக்கு வேலை உண்டா என்பதையே அறியாதவர். அவரைக் குழுவில் அமர்த்திக் 'கருத்துச் சொல்லுங்கள்' என்றால் என்ன சொல்வார்? கொங்குநாட்டின் கல்விக்கு ஆலைக் குடும்பங்களின் கொடை அடித்தளமிட்டதை மறக்கலாகாது. பி.எஸ்.ஜி. குடும்பத்தார் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, நான்கு சகோதரர்க்கு நான்கும் அறத்துக்கு ஒன்றுமாக ஒதுக்கி 1926 இல் அறநிலை கண்டது நம் வக்ஃப் மரபினர் வியந்து போற்றத்தக்கது. எனினும் கொடுத்தவரே கற்பிப்பதையும் முடிவுசெய்வார் என்ற எண்ணம் எங்கு தோன்றினாலும் அதனைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் பிரித்துப் பார்த்தனர். பக்தாதில் 1067 இல் திறக்கப்பட்ட நிஸாமிய்யாவில் ஆசிரியரை நியமிக்கும் உரிமை அமைச்சர் நிஸாமுல் முல்க்கிடம் இருந்தது. ஆனால் கற்பிக்கும் தகுதிக்கான இஜாஸாவை வழங்கியவர் உஸ்தாத். வக்ஃப் செய்தவருக்கோ முதவல்லிக்கோ அதில் பங்கில்லை. ஜார்ஜ் மக்திஸி மத்ரஸாக்களின் எழுச்சி பற்றிய தம் நூலில் இதனை விரித்துக் காட்டினார். (அந்நூல் வெளிவந்த ஆண்டு, பாரதியார் பல்கலைக்கழகச் சட்டத்தின் அதே 1981.) முல்லா நிஸாமுத்தீன் (ரஹ்) வகுத்த தர்ஸே நிஸாமியும் எந்த அரசாணையாலும் பரவியதன்று, உஸ்தாதுமார் கற்பித்துப் பார்த்து ஏற்றதனால் பரவியது.

தேவ்பந்தின் எட்டுக் கொள்கைகளை வகுத்த மௌலானா காஸிம் நானூத்தவி (ரஹ்) அவர்கள், முஹ்தமிம் கலந்தாலோசிக்க வேண்டுமென வற்புறுத்தியதோடு ஒரு நுட்பத்தையும் சேர்த்தார்கள். தக்க எண்ணிக்கையினரைக் கலந்திருந்தால், தம்மைக் கேட்கவில்லையென ஓர் உறுப்பினர் வருந்தலாகாது. எவரையுமே கலக்காமல் செயற்பட்டால் ஷூரா உறுப்பினர் ஆட்சேபிக்கலாம். நம் பல்கலைக்கழகச் சட்டங்களின் அவசர விதியோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே தெரிவித்தால் போதும்; இங்கே ஆட்சேபிக்கும் உரிமை பெயர் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. பாடத்திட்டமும் கலந்தாலோசனையால் அமைவது என்பது அக்கொள்கைகளில் உண்டு. அதே தேவ்பந்தில், மேலானது ஷூராவா முஹ்தமிமா என்ற கேள்வி 1980களின் தொடக்கத்தில் பிளவாக முற்றி, 1982 இல் வக்ஃப் தாருல் உலூம் தனியே தோன்றியதும் வரலாறே. நல்ல விதி எழுதிவைத்திருப்பது மட்டும் காக்காது என்பதற்கு அதுவும் சான்று.

ஆலோசனை வேண்டாம் என்போர், கூட்டத்தைக் கேட்டால் தவறான முடிவு வரும் என்பர். உஹுதில் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ள விரும்பினார்கள், வெளியே செல்ல விழைந்தோரின் கருத்தை ஏற்றுப் புறப்பட்டார்கள், இழப்பு நேர்ந்தது. அதன் பின்னரே ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159 ஆம் வசனம் அருளப்பட்டது; தோழர்களைக் கலந்தாலோசிக்கும் கட்டளை அதில் இடம்பெற்றது. ஒருமுறை தவறியது என்பது கேட்பதை நிறுத்தக் காரணமாகவில்லை.

பல்கலைக்கழகத்தில் இதனை நடைமுறைப்படுத்தப் புதுச்சட்டம் வேண்டியதில்லை. வரைவு குழுவுக்கு ஒரு பருவம் முன்னரே வரட்டும். மாறுபட்ட கருத்து நடவடிக்கைக் குறிப்பில் பெயருடன் பதிவாகட்டும். பழைய பாடத்திட்டத்தில் மாணவர் எங்கே இடறினர் என்பதைத் தேர்வுத்தாள் திருத்தியவர்கள் எழுதித் தரட்டும். அறபு போன்ற சிறு துறைகளுக்கு இது இன்னும் இன்றியமையாதது. அத்துறைப் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்க்கக்கூடியவர் மேலவைகளில் ஒருவரேனும் இருப்பது அரிது.

இவ்வளவும் பிறரை நோக்கிச் சொல்லிவிட்டு நம் அறபுக் கல்லூரிகளைப் பேசாமல் விடுவது முறையாகாது. ஷஅபானில் தேர்வு முடிகிறது, ஷவ்வாலில் புதிய வகுப்புத் தொடங்குகிறது. பாடநூற்பட்டியலை எடுத்துவைத்து ஆராய இடையிலுள்ள ரமளானை விட நல்ல காலம் வேறில்லை. அம்மாதத்தில் நிர்வாகக் குழுவினர் ஜகாத், ஸதகாக் கணக்கைப் பார்க்கின்றனர். உஸ்தாதுமார் பலர் ரசீதுப் புத்தகத்துடன் வெளியூர்களுக்கு வசூலுக்கு அனுப்பப்படுகின்றனர். ஷவ்வால் பிறை ஏழிலோ எட்டிலோ அவர்கள் திரும்பும்போது, எந்த வகுப்புக்கு எந்த நூல் என்ற பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.