தலையில் வைக்கும் புள்ளி

ஜீரோ மெஷின் போட்டு வெட்டிய தலையை நல்ல வெளிச்சத்தில் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தூரத்தில் கறுப்பாகத் தெரிந்த இடம் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும். மயிர்க்கால்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கொத்துக் கொத்தாக நிற்கும். கொத்துகளுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவாக இருக்காது. நெற்றியை ஒட்டிய முதல் வரிசையில் பெரும்பாலும் ஒற்றை முடிதான். பின்னால் போகப் போக அடர்த்தி கூடும். காதுக்கு மேலே மறுபடி வெளுக்கும். உச்சிச் சுழியில் புள்ளிகளும் சுழியோடு திரும்பும். வழுக்கைத் தலையில் ஊசியால் நிறமி வைக்கும் ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன், அதாவது எஸ்எம்பி, நகலெடுக்க வேண்டியது இந்த ஒழுங்கின்மையைத்தான்.

அதனால்தான் இது புள்ளிக் கோலத்துக்கு நேர் எதிரான கைப்பழக்கம். கோலத்தில் புள்ளி பிசகினால் சிக்கு விழாது; தலையில் புள்ளி வரிசை பிடித்துவிட்டால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். பல்லாயிரம் புள்ளிகள் வைக்க வேண்டிய வேலை. எந்தக் கையும் கொஞ்ச நேரத்தில் தன்னையறியாமல் ஒரு தாளத்துக்குள் போய்விடும். தேர்ந்த கலைஞர் அந்தத் தாளத்தைத் தானே கலைத்துக்கொண்டிருப்பார். ஓர் இடத்தில் கொஞ்சம் வைப்பார், நகர்வார், வேறு பக்கத்திலிருந்து திரும்பி வந்து விட்ட இடத்தை நிரப்புவார்.

ஒரு முடியின் தடிமன் ஏறத்தாழ 0.07 மி.மீ. ஊசி வைக்கும் புள்ளியை அவ்வளவு சிறியதாக வைக்க முடியாது. சில மடங்கு பெரிதாகத்தான் விழும். ஆனாலும் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அந்தத் தூரத்தில் கண் புள்ளிகளை எண்ணாது, நிழலை மட்டும் வாங்கிக்கொள்ளும். பழைய செய்தித்தாள் படங்கள் முழுக்க இதை நம்பித்தான் அச்சாயின.

வேலையின் தரத்தை மதிப்பிட விரும்புகிறவர் முதலில் நெற்றிக் கோட்டைப் பார்க்கலாம். ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு என்றால் மேலே பார்க்க வேண்டியதில்லை. வயது ஏற ஏற ஆண்களுக்கு நெற்றியின் இரு மூலைகளும் சற்றுப் பின்வாங்குவது இயல்பு. ஜேம்ஸ் ஹாமில்டன் 1951-இல் வகைப்படுத்தி, நார்வுட் 1975-இல் திருத்திய ஏழு படிகள் கொண்ட வழுக்கை அளவுகோலில் இந்தப் பின்வாங்கல் தொடக்கப் படிகளிலேயே வந்துவிடுகிறது. நாற்பத்தைந்து வயதுக்காரர் தலையில் பதினெட்டு வயது நெற்றியை வரைந்து கொடுப்பவர் வாடிக்கையாளரை அன்றைக்கு மகிழ்விக்கிறார், அவ்வளவுதான். நல்ல கோடு உடைந்து உடைந்து, சில புள்ளிகள் முன்னால் தப்பி வந்து, எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாமல் இருக்கும்.

இந்தக் கலை மருத்துவத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தது. முடி மாற்று அறுவைக்கு நியூயார்க்கின் நார்மன் ஒரென்ட்ரைக் 1950-களில் வழி போட்டார். பின்னாளில் பின்னந்தலையிலிருந்து தோலை நாடாவாக வெட்டி எடுக்கும் முறை வந்தபோது, காதுக்குக் காது நீண்ட தழும்பு மிஞ்சியது. முடியை ஒட்ட வெட்டினால் அது பளிச்சென்று தெரியும். தலையில் இத்தகைய குறைகளை மறைக்க நுண்நிறமியைத் துணையாகக் கொள்வது பற்றித் திராக்கினா 2001-இல் ஒரு தோல் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். முடி மாற்று மருத்துவரான வில்லியம் ராஸ்மேன் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் இதையே தனிச் சிகிச்சையாக எடுத்துச் சென்றார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் எச்.ஐ.எஸ். ஹேர் கிளினிக் போன்றவை ஒட்ட வெட்டிய தலை என்ற தோற்றத்தையே விரும்பத்தக்க ஒன்றாக விற்றன. இன்று சென்னையிலும் இது கிடைக்கிறது.

தழும்பின் மேல் வேலை செய்வதுதான் உண்மையான பரீட்சை. சாதாரணத் தோலில் எந்த ஆழத்தில் எதிர்ப்பு மாறுகிறது என்பது கைக்குப் பழகிவிடும். தழும்பு இறுகிய திசு. ஓரிடத்தில் நிறமியை ஏற்காமல் துப்பும், பக்கத்திலேயே பரவவிட்டுவிடும். ஒரே தலையில்கூடத் தோலின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால், இவ்வளவு ஆழம் என்று மெஷினில் ஓர் எண்ணை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

வாடிக்கையாளர் முதலில் கேட்பது என்னவோ வேறு: "இது நிற்குமா, போயிடுமா?"

இதற்கான பதில் தோலின் அடுக்குகளில் இருக்கிறது. மேல்தோல் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அங்கே வைத்த நிறமி அதோடு உதிர்ந்துவிடும். எனவே ஊசி அதற்குக் கீழே உள்தோலின் மேல்பகுதியைத் தொட்டாக வேண்டும். உடம்பில் போடும் டாட்டூ பொதுவாக 1 முதல் 2 மி.மீ. வரை இறங்கும். எஸ்எம்பி அதைவிட மேலேயே நின்றுவிட வேண்டும். கொஞ்சம் ஆழம் போனாலும் புள்ளி பக்கவாட்டில் பரவி அடுத்த புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். நிறமும் மாறும். கறுப்பை ஆழத்தில் வைத்தால், தோலில் ஒளி சிதறுவதால் அது நீலமாகவோ பச்சையாகவோ தெரியும். அந்தக் காலப் பாட்டிகளின் முன்கையில் விளக்குக் கரியால் குத்திய கோலங்கள் பச்சையாகத் தெரிந்தது இதனால்தான். கையில் அது அழகு. தலையில் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

உள்தோலுக்குப் போன நிறமியை உடம்பு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு அணுக்கள் வந்து அதை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டிருக்கும். பிரான்சின் மார்செய்லில் சாந்திரின் ஆன்ரியின் குழு 2018-இல் எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டியது: நிறமியைச் சுமந்த அணுக்களை அழித்தாலும் டாட்டூ மங்கவில்லை. வெளியே விழுந்த நிறமியைப் புதிதாக வந்த அணுக்கள் அப்படியே பிடித்துக்கொண்டன. ஆக, டாட்டூ நிற்பது உடம்பின் துப்புரவு வேலை பாதியில் நின்றுபோவதால்.

தற்காலிக எஸ்எம்பி விற்பவர்கள் இந்த இடத்தில்தான் ஒரு வாக்குறுதியை வைக்கிறார்கள். இத்தாலியின் மிலான் நகரில் மிலேனா லார்டியின் பெயரோடு பேசப்படும் ட்ரைகோபிக்மென்டேஷன் முறை இதில் புகழ்பெற்றது. துகள் போதிய அளவு சிறியதாக இருந்தால் விழுங்கு அணு அதை அகற்றிவிடும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தலை பழையபடி ஆகிவிடும் என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துகளின் அளவு மட்டுமே கணக்கைத் தீர்த்துவிடுவதில்லை. வாழ்நாள் முழுக்க நிற்கும் சாதாரண டாட்டூ மையின் கார்பன் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. டாட்டூ மைத் துகள்களில் மிகச் சிறியவை நிணநீர் முடிச்சு வரை போய்ச் சேர்கின்றன என்று ஜெர்மானிய ஆய்வாளர்களும் கிரெனோபிள் சிங்க்ரோட்ரான் கூடத்தினரும் 2017-இல் கண்டறிந்தார்கள். மிச்சம் தோலிலேயே இருக்கிறது. நிறமியின் வேதியியல், எவ்வளவு நீர்த்தது, எத்தனை ஆழம், எவ்வளவு வெயில் எல்லாம் சேர்ந்துதான் மங்கலைத் தீர்மானிக்கின்றன. மென்மையான நிறமியையும் ஆழத்தில் குத்தினால் அது போகிற போக்கில் போய்விடாது. தற்காலிகம் என்ற சீட்டு ஒட்டிய குப்பி, தப்பான கையில் நிரந்தரமாகிவிடும்.

மங்கும்போது எந்த நிறத்துக்குப் போகிறது என்பதும் பார்க்க வேண்டியது. இரும்பு ஆக்சைடு கலந்த பழுப்பு மைகள் சில, நாளடைவில் சிவப்புப் பூக்கும். அதனால் பலரும் கார்பன் கறுப்பு ஒன்றையே வைத்துக்கொண்டு, தண்ணீர் கலந்து சாம்பல் படிகளை உண்டாக்குகிறார்கள். அது மங்கினால் வெளிர்சாம்பலாகவே மங்கும். இப்படிச் செய்த வேலைக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை டச்-அப் போதும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. சுத்தமாக எடுக்க வேண்டுமானால் லேசர் இருக்கிறது. கார்பன் லேசருக்கு எளிதாகப் பணியும் நிறமி. நம் மாநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம்தான் பாதுகாப்பானது. தழும்பு தடித்துக் கெலாய்டாக வளரும் உடல்வாகு உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தோலுக்குள் செலுத்த எந்த வண்ணப்பொருளுக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதுவரை அனுமதி கொடுத்ததில்லை என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை.

வேலை நடக்கும் விதத்திலும் ரசிக்க ஒன்று உண்டு. பொதுவாக இரண்டு முதல் நான்கு சிட்டிங். நடுவே ஓரிரு வாரம் இடைவெளி. முதல் சிட்டிங் முடிந்த அன்று புள்ளிகள் கருகருவென்று இருக்கும். பொருக்கு உதிர்ந்ததும் சுருங்கி வெளுக்கும். எண்ணெய்ப் பசை அதிகமுள்ள தலையில் இன்னும் வெளுக்கும். எது நின்றது, எது போனது என்று பார்த்த பிறகே அடுத்த நிறப்படியைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே நல்ல கலைஞரின் முதல் சிட்டிங் போதாதது போலத் தோன்றும், தோன்றவும் வேண்டும். "இன்னும் கொஞ்சம் கறுப்பா போடுங்க" என்று கண்ணாடி முன் கெஞ்சுகிறவரிடம், அடுத்த வாரம் பார்ப்போம் என்று ஊசியை எடுத்து வைக்கத் தெரிந்தவர் அவர். கூட்டுவது எப்போதும் முடியும், குறைக்க லேசர்தான் வேண்டும்.

டச்-அப்புக்கு வருகிறவரிடம் அவர் முதலில் பார்ப்பது உச்சியை அல்ல, காதோரத்தை. அங்கே நரை விழுந்திருக்கும். ஐந்து வருஷத்துக்கு முந்தைய அதே கறுப்பை மேலே ஏற்றினால் தலை இரண்டு ஆள் தலையாகிவிடும். பழைய புள்ளி கொஞ்சம் மங்கியிருப்பது இப்போது வசதியாகிறது. மையில் முன்பைவிட அதிகத் தண்ணீர் விட்டு, ஒரு படி வெளிறிய சாம்பலில் அவர் மறுபடி தொடங்குகிறார்.