வலம் வரும் நெருப்பு

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடக்கு எல்லையில், திருச்சியை ஒட்டினாற்போல் இருக்கிறது மாத்தூர். அங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் பல பட்டறைகள் திருச்சி பெல் நிறுவனம் தரும் வேலையால் வளர்ந்தவை. தெற்கே திருமயத்தில் பெல்லின் குழாய்த் தொழிலகமே இருக்கிறது. இரும்பு அறுப்பது இந்த மாவட்டத்துக்கு அன்றாடத் தொழில். அதில் பிளாஸ்மா கட்டிங்கின் நயத்தை நின்று பார்த்தவர்கள் குறைவு.

வேலை தண்ணீரில் தொடங்குகிறது. காலையில் கம்பிரசர் தொட்டியின் அடித்திருகைத் திறந்து, தேங்கிய நீரைப் பீய்ச்சி வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் அறுக்கும் டார்ச்சின் எலக்ட்ரோடும் நாசிலும் சீக்கிரம் தேயும். அடுத்து, துருவைச் சுரண்டிய இடமாகப் பார்த்து எர்த் கிளாம்பைக் கவ்வ விடுவார்கள். பிறகு டார்ச்சின் தொப்பியைக் கழற்றி எலக்ட்ரோடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். செம்பின் நடுவே ஒரு பொட்டுப் போல ஹாஃப்னியம். அது 1.5 மில்லிமீட்டர் அளவுக்குக் குழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பொத்தானை அழுத்தியதும் டார்ச்சுக்குள்ளேயே ஒரு குட்டி நெருப்பு பிறக்கிறது. பிளேட்டை நெருங்கியதும் இரும்புக்குத் தாவுகிறது. சிறு துளையில் நெருக்குண்டு வரும் காற்று 20,000 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். உருக்குவதும் உருகியதை ஊதித் தள்ளுவதும் ஒரே மூச்சில் நடக்கின்றன. சாதாரண கேஸ் கட்டிங்குக்கு மசியாத எவர்சில்வரும் அலுமினியமும் இதற்கு வழிவிடுகின்றன.

அறுத்த விளிம்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு ஏடு. அதில் மெல்லிய கோடுகள் கொஞ்சமாகப் பின்சாய்ந்து ஓடினால் வேகம் சரி. அடியில் கசடு தடித்துத் தொங்கினால் கை மெதுவாகப் போயிருக்கிறது. சுத்தியலால் தட்டினால் அது உதிர்ந்துவிடும். மெல்லிய மணியாக இறுகி ஒட்டியிருந்தால் கை அவசரப்பட்டிருக்கிறது. அதற்குக் கிரைண்டர்தான் மருந்து.

என்னை மயக்கியது இன்னொரு நுட்பம். நாசிலுக்குள் காற்று நேராக வருவதில்லை, சுழன்று வருகிறது. பெரும்பாலான டார்ச்சுகளில் அது கடிகாரச் சுற்று. அதனால் டார்ச் போகும் திசைக்கு வலப்பக்க விளிம்பு செங்குத்தாக நிற்கும். இடப்பக்கம் சற்றுச் சரியும். எனவே நமக்கு வேண்டிய துண்டு எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். புது ஆள் தடுமாறுவது இங்கேதான்.

"அண்ணே, எந்தப் பக்கமா சுத்தணும்?"

"கோயிலை எப்படிச் சுத்துவ தம்பி? சாமி உன் வலப்பக்கம்தான? அப்படியே சுத்து. உள்ளே ஓட்டை போடுறப்ப மட்டும் எதிர்ச் சுற்று."

ஓட்டைக்கு ஏன் எதிர்ச் சுற்று? அங்கே நடுவில் இருப்பது கழிவு, வேண்டிய இரும்பு வெளியே. இடஞ்சுழியாகப் போனால்தான் அது வலப்பக்கம் அமையும். விதி ஒன்றே, சுற்றுதான் மாறுகிறது.

இந்த நேர்த்திக்குப் பாராட்டு விழா எதுவும் கிடையாது. வெட்டிய துண்டு வெல்டிங்குக்குப் போய், பெயின்டுக்குள் மறைந்துவிடும். ஒரு பட்டறையின் தரத்தை அறிய நான் கண்ட அளவுகோல் இதுதான்: பிளாஸ்மா ஓடி முடித்த பிறகும் கிரைண்டர் சும்மா கிடந்தால், அங்கே நல்ல கை இருக்கிறது.